மவுண்ட் ரோட்டில் இரண்டு சரோஜாக்கள்!

உங்களுக்குத் தெரிந்த சரோஜாக்கள் எத்தனை பேர்? ஆபீஸ் நேரத்தில் இதென்ன கேள்வி என்று முறைக்காமல், ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். எதிர் ஃபிளாட் சரோஜா ஆன்ட்டி, உங்களுக்கு மூணாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக் காதைத் திருகிய சரோஜா டீச்சர், ஊரில் இட்லிக் கடை போட்டிருந்த சரோஜாக்கா... இருக்கிறவர்களுக்கெல்லாம் வயசு எழுபது, எண்பது. மற்றவர்கள் ஹாலில் போட்டோவாகி மாலையோடு இருக்கிறார்கள். இப்போது ஏதாவது ஒரு எல்.கே.ஜி. வகுப்பு வாசலில் நின்று "சரோஜா!" என்று கூப்பிடுங்கள். ஒரு குழந்தை திரும்பாது. ஆயாம்மா வேண்டுமானால் திரும்பலாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு சரோஜா உண்டு. என் பாட்டி. அப்பாவின் அம்மா. 1938ல் கும்பகோணத்தில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்காரருக்கு நாலாவது குழந்தையாகப் பிறந்தவள். முதல் மூன்றுக்கும் குலதெய்வம், கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி என்று முறைப்படி பெயர் வைத்த மனிதர், நாலாவதுக்கு மட்டும் "இதுக்கு சரோஜான்னுதான் பேரு" என்று ஒற்றைக் காலில் நின்றாராம். காரணம், முந்தைய வருஷம் டென்ட் கொட்டகையில் அவர் பார்த்த ஒரு படம். 'பாலயோகினி'. அதில் நடித்த குழந்தை, பேபி சரோஜா.

அந்தக் காலத்தில் இப்படிப் பெயர் வைத்தவர் எங்கள் கொள்ளுத் தாத்தா மட்டும் இல்லை. 'பாலயோகினி' வந்த பிறகு தமிழ்நாட்டில் பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் சரோஜா, சரோஜா என்று பெயர் வைத்துத் தள்ளியிருக்கிறார்கள். நாம் குஷ்பு இட்லி வரைக்கும்தான் வந்தோம். அவர்கள் ரேஷன் கார்டு வரைக்கும் போயிருக்கிறார்கள்!

சரி, இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், என் பெண் நிலாவுக்காக. ஏழு வயசு. இரண்டாம் வகுப்பு. ஸ்கூல் ஆண்டு விழாவில் முயல் வேஷம் போட்டு ஆடியதை யாரோ ஒரு விளம்பரப் பட கோஆர்டினேட்டர் பார்த்துவிட்டார். "பிஸ்கட் விளம்பரம் சார். ஒரே நாள் ஷூட்டிங். பாப்பா ஃபேஸ் கேமராவுக்கு அப்படியே எடுக்கும். திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்று போன். அன்றிலிருந்து வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. சகதர்மிணி 'படிப்பு கெடும்' கட்சி. மச்சான் 'லட்சத்தில் வாங்கலாம் மாப்ளே' கட்சி. அடியேன் வழக்கம் போல வெளியிலிருந்து ஆதரவு, இரண்டு பக்கத்துக்கும்.

ஓட்டுப் போடாதவள் பாட்டி ஒருத்திதான். நங்கநல்லூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி, "அந்த பேபி சரோஜா அப்புறம் என்ன ஆனாடா?" என்று மட்டும் கேட்டாள். எண்பது சொச்சம் வருஷம் ஒருத்தியின் பெயரைச் சுமந்தவள் கேட்கிற கேள்வி. "விசாரிச்சுச் சொல்றேன் பாட்டி. மவுண்ட் ரோட்டுலதான் அவங்க கதை பாதி இருக்கு. போய்ப் பாத்துட்டு வரேன்" என்றேன். கீரையைக் கீழே வைத்தாள். "இரு, புடவை மாத்திட்டு வரேன்."

இப்படியாகத்தானே ஒரு சனிக்கிழமை காலை, எண்பதைத் தாண்டிய பாட்டியும் முப்பதைத் தாண்டிய பேரனும் நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினோம். சின்னமலையைத் தாண்டியதும் ரயில் தரைக்குள் போனபோது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேல மவுண்ட் ரோடா?" "ஆமா பாட்டி." "அப்ப எதைப் பாக்கறதாம்?" நியாயமான கேள்வி. ஏ.ஜி. டி.எம்.எஸ். ஸ்டேஷனில் லிஃப்ட் பிடித்து மேலே வந்து ஆட்டோ ஏறிவிட்டோம். "ஜெமினி வரைக்கும் போயி, அங்கேருந்து அப்படியே அண்ணா சிலை வரைக்கும் மெதுவா ஓட்டணும்" என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். சென்னையில் மெதுவாக ஓட்டச் சொன்ன முதல் சவாரி நாங்களாக இருக்கும்.

ஜெமினி மேம்பாலத்துக்கு அரசாங்கப் பெயர் அண்ணா மேம்பாலம். 1973ல் திறந்தார்கள். ஆனால் இன்றுவரை கண்டக்டரிலிருந்து கலெக்டர் வரை எல்லோருக்கும் அது ஜெமினிதான். பாலத்தடியில் திமிறும் குதிரையை அடக்கும் மனிதன் சிலையாக நிற்கிறான். ஒரு பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகம், விசாவுக்காகக் காத்திருக்கும் டை கட்டிய இளைஞர்கள். எதிரே செம்மொழிப் பூங்கா. 2008 வரை அது டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல். காரிலேயே உட்கார்ந்து தோசை சாப்பிட்ட தலைமுறை இன்னும் அந்தப் பக்கம் போனால் பெருமூச்சு விடுகிறது. இன்னொரு மூலையில் பார்க் ஓட்டல். ஆட்டோவை அதற்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னேன்.

"பாட்டி, இங்கதான்."

"எது? இந்தக் கண்ணாடிக் கட்டடமா?"

"இது இல்ல. இதுக்கு முன்னாடி இருந்தது. அதுக்கும் முன்னாடி இருந்தது."

பார்க் ஓட்டலும் பக்கத்து வளாகங்களும் நிற்கிற மண்ணில்தான் ஜெமினி ஸ்டூடியோ இருந்தது. எஸ்.எஸ். வாசன், 'சந்திரலேகா', முரசு நடனம் எல்லாம் ஊர் அறிந்த கதை. அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன், ஒரு காலத்தில் ராபர்ட் கிளைவின் குதிரை லாயமாக இருந்ததாகச் சொல்லப்பட்ட கட்டடத்தின் மாடியில்தான் மேக்கப் ரூம் என்று எழுதியிருக்கிறார். (கதாநாயகிகளுக்கு பவுடர் அடித்த இடத்தில் முன்பு கொள்ளு வைத்திருக்கிறார்கள்!) ஆனால் ஜெமினிக்கும் முன்னால் அங்கே இன்னொரு ஸ்டூடியோ இருந்தது. மோஷன் பிக்சர் புரொட்யூசர்ஸ் கம்பைன். அதை நடத்தியவர் டைரக்டர் கே. சுப்ரமணியம். பாபநாசத்துக்காரர். நெல்லை பாபநாசம் இல்லை, கும்பகோணம் பக்கத்துப் பாபநாசம். கும்பகோணத்தில் கொஞ்ச நாள் வக்கீலாக இருந்துவிட்டு, கட்சிக்காரர்களை அம்போவென்று விட்டு சினிமாவுக்கு வந்தவர். 1934ல் 'பவளக்கொடி' எடுத்து எம்.கே. தியாகராஜ பாகவதரை சினிமாவுக்குக் கொண்டு வந்தவரும், 1938ல் 'சேவாசதனம்' எடுத்து எம்.எஸ். சுப்புலட்சுமியைக் கொண்டு வந்தவரும் இவரே. நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியத்தின் அப்பா.

அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் விஸ்வநாதன். விஸ்வநாதன்-அலமேலு தம்பதிக்கு 1931 ஜனவரியில் பிறந்த பெண்தான் சரோஜா. அதே 1931 அக்டோபரில்தான் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது. அதாவது தமிழ் சினிமா வாயைத் திறந்தபோது பேபி சரோஜாவுக்கு அநேகமாக அப்போதுதான் நடை பழக ஆரம்பித்திருக்கும். ஒன்பது மாசம் பெரியவள்!

இந்த இடத்தில், பேசும் படத்தில் ஒரு குழந்தை நடிப்பது அன்றைக்கு என்ன பாடு என்று சொல்லியாக வேண்டும். இன்றைக்கு நடிகை உதட்டை அசைத்தால் போதும், பாட்டை ஒருவர் பாடுவார், வசனத்தை ஒருவர் பேசுவார், முக்கி முனகுவதற்குத் தனி ஆள்கூட இருப்பார். அன்றைக்கு அந்த வசதி கிடையாது. பின்னணி பாடுகிற வழக்கமே 1938ல் 'நந்தகுமா'ருக்குப் பிறகுதான் மெதுவாகத் தலைகாட்டியது. அதனால் நடிக்கிறவரே பாட வேண்டும். கேமரா ஓடும்போதே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் கேமராவில் படாமல் பக்கத்திலேயே பதுங்கிக்கொண்டு வாசிப்பார்கள். மிருதங்கம் ஒரு தட்டு பிசகினாலும், பாடுகிறவர் தும்மினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மனிதர்களாவது சொன்னால் கேட்பார்கள், காக்கா கேட்குமா? வெயில் வெளிச்சத்தில் திறந்தவெளியில் எடுத்த காலம். சாப்பாட்டு நேரத்தில் காக்காய்க் கூட்டம் வந்து உட்கார்ந்து கச்சேரி வைக்க, அதுவும் சேர்ந்தே பதிவாகிவிடும். 'பவளக்கொடி' ஷூட்டிங்கில் காக்கா விரட்டுவதற்கென்றே துப்பாக்கியோடு ஒருவரைச் சம்பளம் போட்டு வைத்திருந்தார்கள் என்று சினிமா வரலாறு எழுதினவர்கள் சொல்லுவார்கள்.

இந்த அமளிக்கு நடுவில், உருகுகிற வெளிச்சத்தில், பாட வேண்டும், ஆட வேண்டும், முழ நீள வசனத்தைப் பிசகாமல் பேச வேண்டும். அதைத்தான் ஆறு வயசுக் குழந்தை செய்தது.

'பாலயோகினி' 1937ல் வந்தது. சும்மா சுட்டிக் குழந்தைப் படம் இல்லை. கஷ்டத்தில் விழுந்த ஒரு பிராமணப் பெண்ணையும் அவள் மகளையும், உதவி கேட்டுப் போன பெரிய வீட்டில் விரட்டியடிக்கிறார்கள். முனுசாமி என்கிற வேலைக்காரர் தன் வீட்டில் இடம் கொடுக்கிறார். தாழ்ந்த ஜாதிக்காரர் வீட்டிலா என்று ஊரே கொதிக்கிறது. கொதிக்கிற பெரியவர்களை நிற்க வைத்து நியாயம் கேட்பது அந்தச் சிறுமி. போதாக்குறைக்கு சுப்ரமணியம், விதவை வேஷத்துக்கு நிஜமாகவே விதவையான ஒரு பெண்மணியை நடிக்க வைத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து வைதீகர்கள் கூடி அவரை ஜாதியை விட்டே தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்தவர்கள் ஒரு பக்கம், குழந்தைக்கு சரோஜா என்று பெயர் வைத்தவர்கள் ஒரு பக்கம். 'இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்' என்று பேபி சரோஜாவைக் கொண்டாடினார்கள். ஹாலிவுட்டில் ஷெர்லி டெம்பிள் பாப்பா வசூலில் பெரிய ஹீரோக்களையெல்லாம் பின்னால் தள்ளிக்கொண்டிருந்த நேரம் அது.

ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடியே போனில் பேபி சரோஜாவின் பழைய ஸ்டில் ஒன்றை எடுத்துப் பாட்டியிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தன் பெயருக்குச் சொந்தக்காரியை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னடா இது, இவ என்னைவிடச் சின்னவளா இருக்காளே!" என்றாள்.

டிரைவர் சிரித்துவிட்டார். "பேரு என்ன சார் சொன்னீங்க, சரோஜாவா? எங்க ஆயா பேரும் சரோஜாதான் சார்!" என்றார். நான் சொன்னேன் இல்லையா?

ஆட்டோ கிளம்பியது. சஃபையர் தியேட்டர் இருந்த இடம், ஆயிரம் விளக்கு மசூதி, ஸ்பென்சர், எல்.ஐ.சி. என்று மவுண்ட் ரோடு பின்னால் போய்க்கொண்டிருந்தது. பாட்டிக்கு அண்ணா சாலை கிடையாது, மவுண்ட் ரோடுதான். 1959ல் எல்.ஐ.சி. கட்டியபோது 14 மாடியையும் எண்ணிப் பார்ப்பதற்காகவே ஊரிலிருந்து ரயிலேறி வந்த கூட்டத்தில் தாத்தாவும் பாட்டியும் உண்டாம். "உங்க தாத்தா பன்னிரண்டுதான் இருக்குன்னு சண்டை போட்டார். கடைசி வரைக்கும் ஒத்துக்கலை."

நான் இரண்டாவது படத்துக்கு வந்தேன். 'தியாக பூமி', 1939. கல்கி எழுதிய கதை. படம் தயாராகும்போதே ஆனந்த விகடனில் தொடர்கதையாகவும் வந்தது. ஓவியத்துக்குப் பதில் படத்தின் ஸ்டில்களையே கதைக்குப் போட்டார்கள். சினிமாவைப் பத்திரிகையும் பத்திரிகையைச் சினிமாவும் தோளில் தூக்கிக்கொண்டு போன ஏற்பாடு. சம்பு சாஸ்திரியாக பாபநாசம் சிவன், அவர் மகள் சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி. புருஷன் வீட்டில் துரத்தப்பட்ட சாவித்திரி, பிறந்த குழந்தையை, தூங்கிக்கொண்டிருக்கும் தன் அப்பா பக்கத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அது தன் பேத்தி என்று தெரியாமலே சாஸ்திரியார் அதை வளர்க்கிறார். அந்தக் குழந்தை சாரு. பேபி சரோஜா. பிற்பாடு பணக்காரியாகத் திரும்பி வருகிற சாவித்திரியோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று புருஷன் கோர்ட்டுக்குப் போக, முடியாது, வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிறாள் அவள்! 1939ல்!

"அப்படியா சொல்றா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள் பாட்டி. தாத்தா இல்லாத தைரியத்தில், "நல்லா சொன்னா" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அண்ணா சிலைக்குப் பக்கத்தில் பிளாக்கர்ஸ் ரோடு. கூவத்தின் மணம் லேசாக வந்து வரவேற்கிற இடம். இங்கேதான் கெயிட்டி தியேட்டர் இருந்தது. 1914ல் ரகுபதி வெங்கையா கட்டியது. சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமா தியேட்டர். இடித்துவிட்டார்கள். ஒரு போர்டுகூட இல்லை. கொஞ்ச தூரத்தில் ரிச்சி ஸ்ட்ரீட், வயரும் சார்ஜரும் வாங்க மொய்க்கிற கூட்டம். மவுண்ட் ரோட்டில் பழைய எலெக்ட்ரிக் தியேட்டராவது தபால் ஆபீஸ் வளாகத்துக்குள் ஸ்டாம்ப் விற்றுக்கொண்டு பிழைத்துக் கிடக்கிறது. கெயிட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

'தியாக பூமி'யில் கதரும் காங்கிரஸ் தொண்டர்களும் காந்தியும் தாராளமாக வந்தார்கள். படம் வெளிவந்தபோது மாகாணத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை. அதனால் தொந்தரவில்லை. அந்த வருஷக் கடைசியிலேயே மந்திரிசபை ராஜினாமா. 1940ல் வெள்ளைக்கார அரசாங்கம் படத்துக்குத் தடை போட்டது. சுப்ரமணியமும் வாசனும் என்ன செய்தார்கள் தெரியுமா? உத்தரவு அமலுக்கு வருவதற்குள் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்று கெயிட்டியில் அடுத்தடுத்துக் காட்டினார்கள். ஜனம் சாரி சாரியாக வந்தது. போலீஸும் வந்தது. தியேட்டருக்குள்ளேயே தடியடி. திரையில் எட்டு வயசுக் குழந்தை ஆடிக்கொண்டிருக்க, கீழே லத்தி ஆடியிருக்கிறது.

மூன்றாவது படம் 'காமதேனு', 1941. அவ்வளவுதான். பேபி சரோஜாவின் சினிமா வாழ்க்கை அதோடு சரி. அதே சமயத்தில் ஜெமினி மூலையில் சித்தப்பா-பெரியப்பா ஸ்டூடியோவும் தீப்பிடித்து, ஏலத்துக்கு வந்து, 86 ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாசன் கைக்குப் போனது. அங்கே ஜெமினி எழுந்தது. அதன் சின்னமாக இரண்டு குழந்தைகள் குழல் ஊதின.

பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? கணக்குப் போட்டேன். அந்தம்மா 2019 அக்டோபரில் காலமானபோது வயசு 88. நடித்தது 1937லிருந்து 1941 வரை நாலு வருஷம். நூற்றுக்கு நாலரை. மீதித் தொண்ணூற்றைந்தரை சதவீதம் அவர் பேபி இல்லை, சரோஜா. சோகப் படம் எடுக்கிறவர்களுக்கு இந்தக் கதையில் ஒன்றுமே கிடைக்காது. நிறுத்தினார்கள், வளர்ந்தார், வாழ்ந்தார்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. ஊமைப்பட காலத்தில் சாப்ளினோடு 'தி கிட்'டில் நடித்த ஜாக்கி கூகன் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவனாகித் தன் சம்பாத்தியத்தைக் கேட்டால், அம்மாவும் மாற்றுத் தகப்பனும் செலவழித்தாயிற்று என்று கையை விரித்தார்கள். 1938ல் கோர்ட்டுக்குப் போனார். மில்லியன் கணக்கில் சம்பாதித்தவருக்குக் கடைசியில் கைக்கு வந்தது 1,26,000 டாலர். அதைப் பார்த்துத்தான் 1939ல், நம் 'தியாக பூமி' வந்த அதே வருஷம், குழந்தை நடிகரின் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்லி கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. நம் ஊரில் அந்த மாதிரி விதி வர 2017 ஆனது. கலெக்டர் அனுமதி, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமய வங்கியில் குழந்தை பேரில் டெபாசிட்...

இதையெல்லாம் நான் பிளாக்கர்ஸ் ரோடு ஓரம் ஒரு டீக்கடை ஸ்டூலில் பாட்டியை உட்கார்த்தி வைத்து, ஆடிட்டர் ரேஞ்சுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பாட்டி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சம்பந்தமே இல்லாமல், "நானும் வந்திருக்கேன்டா" என்றாள்.

"எங்க பாட்டி?"

"மெட்ராசுக்கு. சினிமாவுல சேர. எங்கப்பா கூட்டிட்டு வந்தாரு."

நான் கையிலிருந்த பன்னைக் கீழே வைத்தேன். முப்பத்தைந்து வருஷமாக இந்தப் பாட்டியோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அப்ப எனக்கு ஆறு வயசு. கடையில ஒரு மரப்பெட்டி இருக்கும். வர்றவங்ககிட்டயெல்லாம் அது மேல என்னை ஏத்தி வெச்சு 'பாடு சரோஜா'ம்பாரு. குடம் வாங்க வந்தவங்க பாவம், பாட்டு முடியற வரைக்கும் நிப்பாங்க. நல்லாத்தான் பாடுவேன். யாரோ சொன்னாங்கன்னு ராத்திரி ரயில்ல கூட்டிட்டு வந்து ஒரு ஸ்டூடியோ வாசல்ல நிறுத்திட்டாரு. எந்த ஸ்டூடியோன்னெல்லாம் ஞாபகம் இல்ல. காலையிலேருந்து நிக்கறோம். மத்தியானத்துக்கு மேல ஒருத்தர் கூப்பிட்டாரு. உள்ள பெரிய பெரிய விளக்கு. 'எங்க, பாடும்மா'ன்னாரு."

"பாடினியா?"

"வாயே திறக்கல."

"பயமா?"

பாட்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணுக்கு வந்துடுச்சுடா. காலையிலேருந்து அடக்கிட்டு நிக்கறேன். அப்பாகிட்ட சொல்லவும் பயம். வாயத் திறந்தா அங்கயே போயிடுவேன்னு தோணிச்சு. பல்லைக் கடிச்சிட்டு நின்னேன். அவரு ரெண்டு தரம் கேட்டாரு. 'கூச்ச சுபாவம் போல இருக்கு, கூட்டிட்டுப் போங்க'ன்னுட்டாரு."

"கொள்ளுத் தாத்தா திட்டினாரா?"

"ஒரு வார்த்தை சொல்லல. விழுப்புரத்துல ரயில் நின்னப்ப ஆரஞ்சு வாங்கி உரிச்சுக் குடுத்தாரு. ஊருக்குப் போனப்புறம் அந்த மரப்பெட்டியில கணக்கு நோட்டு வெக்க ஆரம்பிச்சாரு. அதுக்கப்புறம் அவரு என்னைப் பாடுன்னு கேக்கல. நானும் பாடல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டி பாடி நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் ஏழு பேரப் பிள்ளைகளைத் தூங்க வைத்தவள். 'ம்ம்... ம்ம்...' என்று முதுகில் தட்டுவாளே தவிர, ஒரு தாலாட்டு கிடையாது. கோயிலில் எல்லோரும் பாடும்போதுகூட உதட்டை மூடிக்கொண்டு கைதான் தட்டுவாள். சாரீரம் இல்லை போலிருக்கிறது என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம்.

"அவருகிட்ட நீ காரணத்தைச் சொல்லலியா பாட்டி? அப்புறமாவது?"

"சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். கல்யாணத்துக்கப்புறம் ஒரு தீபாவளிக்குப் போனப்ப சொல்லலாம்னு வாயெடுத்தேன். கூடத்துல மாப்பிள்ளை இருந்தாரு. மாப்பிள்ளை முன்னாடி இதையெல்லாமா சொல்றது? அடுத்த தீபாவளிக்கு அவரு இல்ல." டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்தாள். "ஆமா, நிலாவைக் கேட்டியா?"

"எதை?"

"விளம்பரத்துல நடிக்கிறியான்னு."

கேட்கவில்லை. மனைவியிடம் கேட்டோம், மச்சானிடம் கேட்டோம், ஸ்கூல் மிஸ்ஸிடம் கேட்டோம், ஜாதகத்தைக்கூட ஒரு புரட்டுப் புரட்டினோம். "அவளுக்கு ஏழு வயசுதானே பாட்டி" என்றேன்.

"எனக்கு ஆறு" என்றாள்.

ஆட்டோக்காரர் திரும்பும்போது மீட்டருக்கு மேல் இருபது ரூபாய் கேட்டார். மெதுவாக ஓட்டியதற்காம். கொடுத்தேன்.

ராத்திரி நிலாவைக் கேட்டோம். மடியில் உட்கார்ந்துகொண்டு கிராஸ் எக்ஸாமினேஷன் செய்தாள். பிஸ்கட்டில் க்ரீம் இருக்குமா? இருக்கும். எத்தனை சாப்பிடணும்? கோஆர்டினேட்டருக்கு போன் போட்டுக் கேட்டேன். "சரியா வர்ற வரைக்கும் சார். இருபது டேக்கூட ஆகலாம். முழுங்க வேண்டாம், கடிச்சிட்டுத் துப்பிடலாம். பக்கெட் வெச்சிருப்போம்" என்றார். துப்புவதற்கே ஒரு பக்கெட் என்று கேட்டதும் நிலாவின் முகத்தில் வந்த பிரகாசத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நான் வரேன்!" என்றாள். அப்புறம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "பிடிக்கலைன்னா வந்துடலாமா?" என்றாள். வந்துடலாம் என்றேன். மனைவி அதை ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். சம்பளத்தில் 20 சதவீதமென்ன, முழுவதும் டெபாசிட் என்று இன்னொரு ஷரத்து. அதற்கும் போட்டேன். மச்சான் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

அனுமதி விவகாரமெல்லாம் முடிந்து, போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கார் வந்தது. நிலா இரட்டைப் பின்னலோடு துள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். திண்ணையில் பாட்டி, குளித்துத் திருநீறு பூசி, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"நிலா, இங்க வா. ஒண்ணுக்குப் போயிட்டியா?"

"போயிட்டேன் பெரிய பாட்டி."

"இன்னொரு தரம் போயிட்டு வா."

"வரலை பாட்டி!"

"பரவால்ல, போய் உக்காந்துட்டு வா. கார் நிக்கும்."

டிரைவர் ஹாரன் அடித்தார். பாட்டி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்புறம் அடிக்கவில்லை.